மீன்காரன் பெண்சாதிக்கு ஓர் இலைச் சோறு

எனக்கு வேலை சிறைச்சாலையில். ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் கேட்டால் இப்படித்தான் சொல்லுவேன். மறுமுனையில் ஐயோ என்று பதறுவார்கள். அந்தப் பதற்றத்தை நன்றாக ரசித்து முடித்த பிறகுதான், கைதிகள் எல்லாரும் செத்து நானூறு வருசம் ஆகிவிட்டது, நான் போவது கூட்டித் துடைக்க என்று மிச்சத்தைச் சொல்லுவேன். என் மனுசனுக்கு இந்த விளையாட்டுப் பிடிக்காது. "ஒருநாளைக்கு உம்மடை வாயாலை உண்மையாவே உள்ளுக்கை போவீர்" என்பார்.

பலெர்மோவில் கால்சா என்ற பகுதியில், துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறது அந்தப் பழைய கட்டடம். சிசிலியை ஸ்பெயின்காரர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய மத விசாரணைக்காரர் ஆட்களைப் பிடித்து அடைத்த இடம். கைதிகள் செங்கல் தூளையும் எதையெதையோ குழைத்துச் சுவர் முழுக்கப் படம் கீறி வைத்திருக்கிறார்கள். புனிதர்கள், கப்பல்கள், வாயைப் பிளந்த ஒரு பெரிய மிருகம், சில இடங்களில் பாட்டுப்போல வரிசையாக எழுத்து. இப்போது அது காட்சிச்சாலை. பத்து மணிக்குச் சனம் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, ஆ, ஊ என்று படம் எடுக்கும். அவர்கள் வருவதற்கு முன் நானும் மொரீசியஸ்காரியும் தும்புத்தடியோடு உள்ளே போய் வந்திருப்போம்.

மொரீசியஸ்காரி என்றது என்னோடு வேலை செய்கிறவளை. பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்ச் சனம். பெயர் தமிழ், சாமி தமிழ், தைப்பூசத்துக்குக் காவடிகூட எடுப்பாள். பேச்சு மட்டும் தமிழ் இல்லை. முருகனைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இத்தாலியனில்தான் கதைப்போம். பார்க்கிறவர்கள் நாங்கள் அக்கா தங்கை என்று நினைப்பார்கள், நாங்களும் இல்லை என்று சொன்னதில்லை.

எங்களுடைய மேலாள், கப்போ, முதல்நாளே விரல் மடக்கிச் சொல்லிவிட்டார். அறைகளுக்குள் தண்ணீர் வாளி கூடாது. உலர்ந்த தூரிகைதான். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் நிற்க வேண்டும். சாப்பாடு கூடாது, குடிக்கிறது கூடாது, நெருப்பு கூடவே கூடாது. நான் எல்லாத்துக்கும் ஓம் என்று தலையாட்டினேன். அப்போது தலையாட்டியது மனமாரத்தான்.

அந்த வருசம் என் தற்காலிக ஒப்பந்தம் நவம்பர் கடைசியோடு முடிய இருந்தது. நிரந்தரமாக எழுதித் தருகிறேன் என்று கப்போ வாய் திறந்து சொல்லியிருந்தார். அந்தக் காகிதம் கையில் இருந்தால், இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் தலைநிமிர்ந்து நிற்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் வீட்டு வேலைக்குச் சின்யோராக்களைத் தேடி அலைய வேண்டும். நல்ல மனுசிகள்தான், கன்னத்தில் கொஞ்சுவார்கள், பிறந்தநாளுக்குக் கேக் தருவார்கள். காகிதம் என்று கேட்டதும் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருசம் அந்த முகங்களைப் பார்த்தவள் நான். அதனால் நவம்பர் முடியும்வரை வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பது என்று முடிவெடுத்திருந்தேன்.

என்னைக் கெடுத்தது வழிகாட்டி. மெலிந்த மனுசி, கை இரண்டும் இல்லாவிட்டால் பேச்சு வராது. எட்டரை மணிக்கே வந்துவிடுவா. போத்தலில் கொண்டுவரும் கோப்பியில் எனக்கும் மொரீசியஸ்காரிக்கும் ஒவ்வொரு மிடறு ஊற்றுவா. அவவும் மற்றவர்களும் இத்தாலியனில் கதைத்ததை நான் எங்களுடைய பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் காதில் விழுந்தது.

ஒக்டோபரில் ஒருநாள் கேட்டேன். "இந்தச் சுவரிலை கீறினது முழுக்க ஆம்பிளையள் போலை கிடக்கு. பொம்பிளையளை இவங்கள் பிடிக்கேல்லையோ?"

"ஐயோ, பிடிச்சவங்கள்" என்று கோப்பிக் குவளையைக் கீழே வைத்தா. கையை வீச இடம் வேண்டும் என்று அர்த்தம். "எத்தினையோ பேரைப் பிடிச்சவங்கள். ஏழைச் சனம். பிள்ளையளுக்கு வருத்தம் வந்தால் மந்திரிச்சுப் பாக்கிறவை, மருந்து குடுக்கிறவை. சூனியக்காரியள் எண்டு பிடிச்சது. கேட்டால் அந்தப் பொம்பிளையள் சொன்ன கதையே வேறை."

அந்தக் கதையை அவ சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது. சிசிலிப் பெண்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்ததாம். வெளியிலிருந்து சில சீமாட்டிகள் வருவார்கள். வடிவானவர்கள், பட்டு உடுத்தவர்கள், மனுசப் பிறப்பு இல்லை. கூட்டித் துப்புரவாக்கி, வாசம் போட்டு, சாப்பாடு வைத்திருக்கும் வீட்டுக்குள் வந்து ஆசீர்வாதம் பண்ணிப் போவார்கள். சில பெண்களைத் தங்களோடு கூட்டிக்கொண்டும் போவார்களாம். பலெர்மோவில் ஒரு மீன்காரனுடைய பெண்சாதி விசாரணையில் நின்று, ஓம், நானும் போனேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆகாயத்தால் போய் ஒரு பெரிய வெளியில் இறங்கினாளாம். அங்கே ஒரு ராசாவும் ராணியும். மேசை நிறையச் சாப்பாடு, வாத்தியம், ஆட்டம். விடிய எழும்பினால் தன் பாயில்தான் கிடந்தாளாம். சந்தோசம் மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லையாம்.

நான் சிரித்தே விட்டேன். நாள் முழுக்க மீன் செதில் சுரண்டுகிறவள், கண்ணை மூடினால் விருந்துக்குப் போகிறாள். எவ்வளவு கெட்டிக்காரி.

"பிறகு?"

"பிறகென்ன, அது பிசாசோடை கூடினதுதான் எண்டு ஒப்புக்கொள்ளச் சொல்லி உருட்டினவங்கள். சில பேரைச் சிறையிலை வைச்சாங்கள், சில பேரை ஊரை விட்டுத் துரத்தினாங்கள். இஞ்சை இருந்த காகிதங்களைப் பிற்காலத்திலை எரிச்சுப் போட்டாங்கள். ஸ்பெயினுக்கு அனுப்பின சுருக்கம் மட்டும் மிச்சம். அதிலை அவளுக்குப் பேர்கூட இல்லை. மீன்காரன் பெண்சாதி எண்டுதான் கிடக்கு."

எனக்கு வந்த கோபத்தை என்னென்று சொல்ல. கனவில் நல்லாகச் சாப்பிட்டதற்கு ஒருத்தியைப் பிடித்து விசாரிக்கிறார்கள், எழுதிக்கொண்டு போகிறார்கள், பெயரைக் கேட்டு எழுத மட்டும் நேரமில்லை. அன்றைக்கு நான் கூட்டிய கூட்டலில் தும்புத்தடியின் தும்பு பாதி கொட்டுண்டு போனது.

நவம்பர் இரண்டு பலெர்மோக்காரருக்குச் செத்தவர்களின் நாள். அழுது வடிகிற நாள் என்று நினைக்கக் கூடாது. செத்த தாத்தாவும் ஆச்சியும் வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் இனிப்பும் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. கடை முழுக்கச் சீனியில் செய்த பொம்மைகள், பாதாம் மாவில் அசல் பழம்போலச் செய்த இனிப்புகள். ஊரே தன் செத்தவர்களுக்காகத் தின்று தீர்க்கும்போது, அந்த அறைகளில் இருந்தவளுக்கு ஒரு கை சோறு வைக்க ஆளில்லையே என்று எனக்கு மனம் கிடந்து அடித்தது. எங்களில் யாராவது செத்தால் எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படைப்போம். இவளுக்கு நானூறு வருசமாக ஒன்றுமில்லை.

அந்த நாளுக்கு முதல்நாள் சமையலறையில் உழுந்து ஊறப்போட்டதை மனுசன் கண்டுவிட்டார். மொண்டெல்லோவில் கடற்கரை ரெஸ்டோரன்டில் சமையல்காரர் அவர், பாத்திரம் அசைந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

"ஆருக்கு வடை?"

சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? ஒப்பந்தம் எழுத இன்னும் நாலு கிழமை கிடக்கு. பொறுத்துக்கொண்டு இருக்கேலாதோ?"

"நாளைக்கு மூடின நாள். ஒருத்தரும் வரமாட்டினம். நெருப்புக் கொளுத்த மாட்டன், சுவரிலை முட்ட மாட்டன். வைச்சிட்டு எடுத்துச் சாப்பிட்டிட்டு வந்திடுவன்."

அவர் பானையை எட்டிப் பார்த்தார். "சரி, கறி என்ன?"

"பூசணிக்காய், பருப்பு, வாழைக்காய். கந்தசட்டி விரதம் நடக்குதெல்லே, மச்சம் தொட மாட்டன்."

"மீன்காரன் பெண்சாதிக்கு மரக்கறிச் சோறோ?" என்று நெஞ்சில் கை வைத்தார். "பாவம், நானூறு வருசம் காத்திருந்தவள்."

"அவள் உயிரோடை இருந்த காலம் முழுக்க மீன்தானே திண்டிருப்பாள். ஒருநாளைக்கு வாய்க்கு மாற்றம் இருக்கட்டும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு என்னைத் தடுக்க அவரால் முடியாது, அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். வாழைக்காயைத் தானே எடுத்து வெட்டித் தந்தார்.

வாழையிலை எங்கள் பொது முற்றத்தில் இருந்தே கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அழகுக்கு வளர்க்கிற வாழை. இலையை வெட்டக் கேட்டபோது, இதைச் சாப்பிடப் போகிறீர்களா என்று பயந்து போய்க் கேட்டார்.

மறுநாள் காலை கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்தேன். அதில்தான் காலைச் சூரியன் கொஞ்சம் விழும். வழக்கத்தைவிடக் கவனமாகக் கூட்டினேன், மூலை மூலையாக. நடுவில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் தலைவாழையிலையை வைத்து, சோறு, கறி, வடை, பயற்றம் பணியாரம், ஒரு குவளை தண்ணீர் எல்லாம் வைத்தேன். சாம்பிராணி இல்லை, கற்பூரம் இல்லை. மல்லிகைப் பூ மட்டும் வைத்தேன். மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. "சாப்பிடு பிள்ளை" என்றேன். அவளுக்கு என்னைவிட வயது குறைவாக இருந்திருக்கும் என்று ஏனோ பட்டது.

பின்னால் யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. மொரீசியஸ்காரி வாசலில் நின்றாள். இப்போது திட்டப் போகிறாள், ஒப்பந்தம் அவளுக்கும் அதே மாதம்தான் முடிகிறது என்று நினைத்தேன். அவள் பையைத் திறந்து, தன் மகளுக்கு வாங்கி வைத்திருந்த சீனிப் பொம்மையை எடுத்து இலையின் ஓரத்தில் நிறுத்தினாள். சிவப்புப் பாவாடை போட்ட ஆட்டக்காரிப் பொம்மை. பிறகு கையைக் கூப்பி, தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லைச் சொன்னாள். "வேல், வேல்."

மதியம் வரை அது அங்கேயே இருந்தது. வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையின் நிலத்தில் சம்மணம் கட்டி, படைத்ததை எடுத்துச் சாப்பிட்டோம். பூசணிக்காய்க் கறி அவளுக்கு அவ்வளவு பிடித்துப் போனது. சீனிப் பொம்மையின் தலையை யார் கடிப்பது என்று எங்களுக்குள் போட்டி வந்து சிரித்த சிரிப்பில், மேலே தொங்கிய மின்விளக்கே ஆடியது போல இருந்தது. அந்த அறையில் அதற்குமுன் யாராவது அப்படிச் சிரித்திருப்பார்களா தெரியாது. துண்டை உதறி, நிலத்தைக் கூட்டி, வீட்டுக்குப் போனேன். ஒரு பருக்கைகூட விடவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

படைத்த மூன்றாம் நாள் காலை கப்போ எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில், வெள்ளைக் கடதாசியின்மேல், நாலாக மடித்துக் காய்ந்து பழுப்பான ஒரு வாழையிலை. அதன் மடிப்புக்குள் மஞ்சள் பிடித்த இரண்டு பருக்கையும் ஒரு வாடிய மல்லிகையும்.

நான் அதை எங்கே வைத்தேன் என்று அப்போதுதான் நினைவு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்து, அறை வாசலின் மேல் மரச்சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த நீக்கலில் செருகியிருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்ச் செய்திருக்கிறது. எங்கள் வீட்டில் விரதச் சோறு சாப்பிட்ட இலையை அம்மா வெளியே எறிய மாட்டா, மடித்துக் கூரைக்குள் செருகுவா. இங்கேயும் விரத நாளில் நான் இலையைப் பல்கனி ஓட்டுக்குள் செருகிவிட்டு, காய்ந்த பிறகுதான் எடுத்துப் போடுவேன். நேரே குப்பையில் போட்டிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது.

கண்டுபிடித்தவர் மின்சார வேலைக்காரர். விளக்கு மாற்ற ஏணியில் ஏறினவர், அதைக் கண்டதும் ஏணியையே விட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறார். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள், எடுக்கும்வரை உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இப்போதும் கழுத்தில் தொங்கிய சிவப்புக் கொம்புத் தாயத்தைப் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில்தான் நின்றார். உள்ளே கட்டடத்துக்குப் பொறுப்பான பெரியவர் இருந்தார். கழுத்துப்பட்டி கட்டியவர்களை இங்கே தொத்தோரே என்று கூப்பிடுவது வழக்கம், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒரு மூலையில் வழிகாட்டி.

"இது ஆற்றை வேலை?" என்றார் கப்போ.

சத்தம் போடாமல் இருந்திருக்கலாம். அந்த இலை யார் வைத்தது என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் பக்கத்தில் மொரீசியஸ்காரி நின்றாள். நான் பேசாமல் இருந்தால் சந்தேகம் இரண்டு பேரிலும்தான் விழும்.

"நான்தான்" என்றேன்.

கப்போ ஒரு கடதாசியை இழுத்து எழுதத் தொடங்கினார். "என்ன வைச்சனீங்கள்?"

"சோறு. கறி. வடை."

"ஆர் சொல்லித் தந்தது?"

"அம்மா."

"அவவுக்கு?"

"அவவின்ரை அம்மாவாத்தான் இருக்கும். எனக்கென்ன தெரியும்."

"ஆரைக் கூப்பிட்டு வைச்சனீங்கள்?"

"செத்துப்போன ஒரு பொம்பிளையை."

வாசலில் மின்சாரக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். கப்போ எழுதுவதை நிறுத்தாமல் கேட்டார். "கூட ஆர் நிண்டது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று பிடிவாதமாக அவருடைய பேனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒப்பந்தம் போகட்டும், குவெஸ்தூரா போகட்டும், இவளை மட்டும் நான் சொல்ல மாட்டேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

"நானும் நிண்டனான்" என்றாள் மொரீசியஸ்காரி. "சீனிப் பொம்மை என்ரை."

அப்போதுதான் மூலையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வழிகாட்டி அழுகிறா என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. கையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியாத சிரிப்பு.

"தொத்தோரே, அந்தக் கடதாசியை ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ" என்றா. "அறையைக் கூட்டித் துப்புரவாக்கினது. பூ வைச்சு வாசமாக்கினது. சாப்பாடு வைச்சுக் கண்ணுக்குத் தெரியாத பொம்பிளையைக் கூப்பிட்டது. ஆர் சொல்லித் தந்தது, கூட ஆர் நிண்டது. இதே குற்றம், இதே கேள்வி. இதுக்காகத்தானே அந்தக் காலத்திலை அவையளை இஞ்சை கொண்டு வந்தது. நாளுக்கு நாலு தரம் நான் இந்தக் கதையைச் சொல்லி டிக்கெட் வாங்கின சனத்தை அழப் பண்ணுறன். இண்டைக்கு இஞ்சை நாங்களே திரும்ப நடத்துறம்."

கப்போவின் பேனை நின்றது. தான் எழுதியதை அவர் மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார். காது இரண்டும் சிவந்து போயின. நல்ல மனுசன்தான், பாவம், அவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது.

தொத்தோரே சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இலையைக் குனிந்து பார்த்தார். "சாப்பாடு வைச்சது விளங்குது. எங்கடை ஆக்களும் அந்த நாளிலை வைக்கிறதுதான். ஆனால் இலையை ஏன் ஒளிச்சனீங்கள்? ஒளிச்சபடியால்தானே இவ்வளவு பயம்."

அதுதான் எனக்கும் சொல்ல வெட்கமாக இருந்த விஷயம். ஆனாலும் சொன்னேன். எங்கள் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் பிடித்திருந்த காலத்தில் கோயில்களை இடித்தார்கள், சைவம் கூடாது என்றார்கள். சனம் வீட்டுக்குள் களவாக விரதம் இருந்தது. சாப்பிட்ட இலை வெளியில் கிடந்தால் பிடிபட்டுவிடும் என்று மடித்துக் கூரைக்குள் செருகினார்களாம். போர்த்துக்கேயர் போய், அவர்களுக்குப் பிறகு வந்தவர்களும் போய், எல்லாரும் போன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஏன் செருகுகிறோம் என்று யோசிக்காமலே செருகுகிறோம்.

"எந்தக் காலம் அது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார்.

"அந்தக் காலத்திலை கொஞ்சக் காலம் போர்த்துக்கல்லுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசன்" என்றார் மெதுவாக. "சிசிலிக்கும் அவன்தான்."

"அதே ராசாவோ?"

"அதே ராசா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மீன்காரன் பெண்சாதி இங்கே யாருக்குப் பயந்தாளோ, அந்த ஆளுக்குப் பயந்துதான் எங்கள் சனம் அங்கே இலையை ஒளித்திருக்கிறது. நான் அவளை யாரோ பிறத்தியாள் என்று நினைத்துச் சோறு வைத்திருக்கிறேன். ஒரே ராசாவிடம் அகப்பட்ட இரண்டு வீட்டுக்காரிகள் அல்லவா நாங்கள். கண் கலங்கியது, அதோடு சிரிப்பும் வந்தது. மொரீசியஸ்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொத்தோரே கப்போ எழுதிய கடதாசியை எடுத்து நாலாகக் கிழித்தார். "இனிமேல் அறைகளுக்குள்ளை சாப்பாடு இல்லை. எறும்பு வந்தால் சுவர் போச்சு. சட்டம் சட்டம்தான்" என்றார். பிறகு கப்போவைப் பார்த்தார். "இவையின்ரை ஒப்பந்தம் எப்ப எழுதிறீங்கள்?"

"இந்த மாதக் கடைசியிலை எண்டு யோசிச்சனான்" என்றார் கப்போ.

"அந்த அறை மூலை மூலையாக் கூட்டிக் கிடக்கிறதை நானும் பார்த்தனான். இப்பவே எழுதுங்கோ."

அப்போதே எழுதியிருப்பார்கள், ஆனால் வாசலில் நின்ற மின்சாரக்காரர் குறுக்கே விழுந்தார். எழுதுவதெல்லாம் சரி, அந்த இலை உள்ளே இருக்கும்வரை தான் ஏணியில் ஏறமாட்டேன் என்றார். வைத்த கைதான் வாசலுக்கு வெளியே கொண்டுபோய் எறிய வேண்டும், வேறு ஆள் எறிந்தால் எறிந்தவருக்குப் பிடிக்கும் என்பது அவருடைய தாய் சொல்லிக் கொடுத்த சட்டமாம். தொத்தோரே என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அந்த அறையில் அந்த ஒரு சட்டத்தை மட்டும் மறுத்துப் பேச ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

நான் இலையை இரண்டு கையாலும் எடுத்தேன். முன்னால் நான், எனக்குப் பக்கத்தில் மொரீசியஸ்காரி, பின்னால் வழிகாட்டி, தொத்தோரே, கப்போ, எல்லாருக்கும் பின்னால் எட்டு முழம் தள்ளி மின்சாரக்காரர். பத்து மணி ஆகிவிட்டது. டிக்கெட் வாங்க நின்ற சனம் இது ஏதோ காட்சி என்று நினைத்து வழி விட்டது. ஒரு ஜெர்மன்காரி படம்கூட எடுத்தாள். பெரிய வாசலைத் தாண்டிச் சதுக்கத்துக்கு வந்தோம். நல்ல வெயில். பூங்காவில் அந்தப் பெரிய ஆலமரங்கள் விழுதை விட்டுக்கொண்டு நின்றன. எதிரே குப்பைத் தொட்டி. பலெர்மோவில் தொட்டிகள் எப்போதும் வழிந்துதான் கிடக்கும், அன்றைக்கென்று பார்த்து அது காலியாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொட்டிக்கு மேலே கையை நீட்டினேன். விட முடியவில்லை. இத்தனை சனத்துக்கு முன்னால், பட்டப்பகலில், விரத இலையை வெளியில் போடுவதா என்று கை சொல் கேட்க மறுத்தது. எனக்கு ஒரு பயமும் இல்லை; கைக்கு இருந்தது. அம்மாவின் கையும் அவவுக்கு முந்தினவர்களின் கையும் சேர்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல இருந்தது.

"என்ன யோசிக்கிறீங்கள்?" என்றா வழிகாட்டி.

"ஒருத்தரும் பிடிக்க மாட்டினமோ எண்டு பார்க்கிறன்."

அவ சதுக்கத்தைச் சுற்றி ஒருமுறை கவனமாகப் பார்த்தா. விளையாட்டுக்குத்தான், ஆனால் உண்மையாகவே பார்த்தா. "ஒருத்தருமில்லை" என்றா.

கையை விட்டேன். காய்ந்த இலை தொட்டியின் அடியில் விழுந்து ஒரு சின்னச் சத்தம் போட்டது. மின்சாரக்காரர் எட்டி உள்ளே பார்த்துவிட்டு, கழுத்துத் தாயத்தை விட்டார். முடிந்ததா என்று கேட்டார், முடிந்தது என்றேன். அப்படியென்றால் அந்த வடை என்கிறீர்களே, அதில் மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி கேட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போது என் முழுப்பெயரையும், அப்பா பெயரோடு சேர்த்து, கோட்டுக்கு வெளியே போகும் அளவுக்குப் பெரிதாகத் தமிழில் எழுதினேன். கப்போ இடம் போதவில்லையே என்று முணுமுணுத்தார். இவ்வளவும் எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, தும்புத்தடியை எடுத்துக்கொண்டு மீன்காரன் பெண்சாதியுடைய அறைக்குப் போனேன்.